லாயத்து விளக்கு

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அந்த மடத்தில் குதிரைகள் இருந்தன.

துறவிகளுக்கு எதற்குக் குதிரை என்று வழிப்போக்கர்கள் கேட்பார்கள். மலைக்கு மேலே ஒரு சுனை உண்டு. சுனையருகே ஒரு சிறிய கோயில். அங்கே போய்த் தங்குகிறவர்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் மடத்திலிருந்துதான் போக வேண்டும். அந்தச் செங்குத்துப் பாதையில் வண்டி ஏறாது. குதிரை ஏறும்.

வெயில் மாதங்களில் அவை இரவும் பகலும் ஓடைக்கரைப் புல்வெளியிலேயே கிடக்கும். ஐப்பசி பிறந்து வானம் மூடிக்கொண்ட பிறகு, ஏதோ ஒரு மாலையில் எல்லாவற்றையும் லாயத்துக்குள் கொண்டுவந்து, வாசற்படியில் ஓர் அகல் விளக்கை ஏற்றி வைப்பார்கள். ஒருமுறை ஏற்றிவிட்டால், தை பிறக்கும்வரை அந்த விளக்கு மாலைதோறும் எரிய வேண்டும். இரவில் குதிரைகள் உள்ளேதான். புல்வெளியின் படலைச் சாத்திக் கட்டிவிடுவார்கள்; நனைந்த மண்ணைக் குளம்புகள் கிளறிவிட்டால் கோடையில் புல் முளைக்காது.

சீக்கிரம் ஏற்றிவிட்டால், வைக்கோல் தூசியிலும் சிறுநீர் நெடியிலும் குதிரைகள் மாதக்கணக்கில் இருமும். தாமதித்து ஏற்றினால், குளிர் மார்பில் இறங்கும். எந்த மாலை என்று சொல்ல வேண்டியவர் குதிரைகளுக்குப் பொறுப்பானவர். அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை.

அந்த ஆண்டு அந்தப் பொறுப்பு உக்கிரபாண்டியிடம் வந்து சேர்ந்தது.

அவர் அறுபதைக் கடந்தவர். அரசருடைய லாயங்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு, வீட்டைத் தம்பி மக்களிடம் விட்டுவிட்டு, ஒரு கரிய பெண்குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி மடத்து வாசலில் வந்து நின்றார். குதிரையின் பெயர் அஞ்சனை. அவளுக்கும் வயதாகிவிட்டிருந்தது.

மடத்தின் தலைவி உலகம்மை. உக்கிரபாண்டிக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். ஊரே அவரை அம்மை என்றது. முதல் நாள் அந்தச் சொல்லைச் சொல்ல உக்கிரபாண்டியின் நாக்கு கொஞ்சம் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது.

வடக்கே முதல் மேகம் கறுத்த அன்று, அவர் அடுக்களை முற்றத்துக்கு வந்தார். அம்மை சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அம்மை, விளக்கை என்றைக்கு ஏற்றுவது?”

“மழை வந்துவிட்டதா?”

“வரப்போகிறது.”

“வந்தால் சொல்லுங்கள்.”

உக்கிரபாண்டி நகரவில்லை. “அரண்மனையில் இதற்கென்று ஒரு நாள் உண்டு. ஐப்பசி பிறந்ததும் முரசு அடிப்பார்கள். அன்று மாலையே அத்தனை குதிரைகளும் உள்ளே போய்விடும்.”

“முரசு அடிப்பவருக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்லி அனுப்புவேன்.”

“உங்களுக்கு?”

“எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.”

அம்மை ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போட்டார். “இங்கே முரசு இல்லையே,” என்றார். உண்மையாகவே வருந்துகிறவர் போல இருந்தது அவர் குரல்.

அடுப்படியிலிருந்து சடையாண்டி எட்டிப் பார்த்தார். மடத்தின் சமையல் அவர் கையில். பெயர்தான் சடையாண்டி, தலையில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது.

“என்ன தளபதியாரே, மேகத்தைப் பார்த்ததுக்கே தும்மல் வந்துடுச்சா? குதிரைக்கா, உமக்கா?”

“உம்மை யாரும் கேட்கவில்லை.”

“கேட்டா மட்டும் எனக்குத் தெரியவா போகுது? பேச்சுத் துணைக்குக் கேட்டேன்.”

உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. அவருடைய பயம் எல்லாக் குதிரைகளையும் பற்றியது அல்ல. சென்ற மழைக்காலத்தில் அஞ்சனைக்குச் சளி பிடித்து மார்பு அடைத்துக்கொண்டது. மூச்சுக்கு மூச்சு விலா எலும்பு தெரிந்தது. அரண்மனை வைத்தியர் வந்து, அவள் மார்பில் காது வைத்துக் கேட்டு, இன்னொரு முறை இப்படி வந்தால் தாங்கமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். உக்கிரபாண்டி அதை மடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அதன்பின் சாரல் தொடங்கியது. மாவு சலித்ததுபோல மெல்லிய சாரல். குதிரைகள் அதைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

அன்று மாலை மற்றவர்கள் உணவுக்கு உட்கார்ந்தபோது, உக்கிரபாண்டி அஞ்சனையை மட்டும் லாயத்துக்குள் நடத்திக்கொண்டு போனார். முழங்கால் உயரத்துக்குப் புது வைக்கோல் பரப்பினார். காற்று நுழையாமல் சன்னல்களைச் சாக்கால் அடைத்தார். ஊறவைத்த கொள்ளை முன்னால் வைத்தார். கதவைச் சாத்தினார். விளக்கை ஏற்றவில்லை. விளக்கு ஏற்றாதவரை அது லாயம் அடைத்ததாகாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு போய்ப் படுத்தார்.

விடிந்ததும் கதவைத் திறந்தார். உள்ளிருந்து முதலில் வந்தது இருமல்.

வைக்கோல் அறை முழுவதும் சிதறிக் கிடந்தது. கதவின் கீழ்ப்பலகை உதை வாங்கிப் பிளந்திருந்தது. கொள்ளு வைத்தது வைத்தபடி இருந்தது. அஞ்சனை கழுத்தைத் தாழ்த்தி நின்று இருமினாள். அவள் கண்ணில் உறக்கத்தின் சுவடே இல்லை.

வெளியே, லாயத்துச் சுவரை ஒட்டி, மண்ணாங்கட்டி நின்றுகொண்டிருந்தான்.

மண்ணாங்கட்டி மடத்தின் மலைக்குதிரை. குட்டைக்கால், பருத்த வயிறு, எந்த நாளிலும் உடம்பில் ஒரு படி சேறு. அஞ்சனை மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் மேய்கிற இடத்தில்தான் அவனும் மேய்வான். மற்றக் குதிரைகள் இரவை மருத மரங்களுக்கு அடியில் கழித்திருந்தன. இவன் மட்டும் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில், பலகை இடுக்கில் மூக்கை வைத்தபடி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று அவன் காலடிச் சேறு காட்டியது. குளம்புகள் கணுவரை புதைந்திருந்தன.

உக்கிரபாண்டி அஞ்சனையை வெளியே புல்வெளிக்கு விட்டுவிட்டு நேரே அம்மையிடம் போனார். நடந்ததைச் சொன்னார். வைத்தியர் சொன்னதையும் சொன்னார். கடைசியில், “உள்ளே வைத்தால் இருமுகிறாள். வெளியே விட்டால் நனைகிறாள். நான் என்ன செய்வேன்?” என்றார்.

அம்மை எழுந்தார். “வாருங்கள்.”

இருவரும் சாரலில் நடந்தார்கள். அம்மை கையில் ஓலைக்குடை இருந்தது. புல்வெளிக்கு வந்ததும் அதைப் படலில் சாய்த்து வைத்தார். மண்ணாங்கட்டி அதற்குள் அஞ்சனையின் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தான்.

“இவன்மேல் கையை வையுங்கள்.”

உக்கிரபாண்டி வலக்கையை அவன் முதுகில் வைத்தார். “சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறான்.”

“முடிக்கு உள்ளே.”

அவர் விரல்களை முடியின் எதிர்ப்போக்கில் நுழைத்தார். மேல்முடி ஈரம். அதற்குக் கீழே அடர்ந்த குட்டை முடி. அதற்கும் கீழே தோல். விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. தோல் உலர்ந்திருந்தது. உலர்ந்திருந்தது மட்டுமல்ல, இப்போதுதான் இறக்கிவைத்த பானையின் வயிறுபோல வெதுவெதுவென்று இருந்தது.

“இரவெல்லாம் கூரைத் தண்ணீரில் நின்றவன்,” என்றார் அவர், நம்பாதவராக.

“இப்போது அவளை. மற்றக் கையால்.”

இடக்கையை அஞ்சனையின் முதுகில் வைத்தார். நுழைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மழை தோல்வரை இறங்கியிருந்தது. தோல் குளிர்ந்திருந்தது.

“கூரைக்குக் கீழே இருந்தவள். வெளியே வந்து அரை நாழிகைகூட ஆகவில்லை,” என்றார்.

அம்மை அஞ்சனையின் நெற்றியைத் தடவினார். “இவளுக்கு நாள்தோறும் என்ன செய்கிறீர்கள்?”

உக்கிரபாண்டியின் முகம், அந்த நிலையிலும், கொஞ்சம் மலர்ந்தது. “விடிந்ததும் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பேன். துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு பட்டுத்துணியால் துடைப்பேன். ஒரு நாள் தவறியதில்லை, அம்மை. என் வீட்டுக்காரி போன அன்றும் செய்தேன். அரசர் குதிரைகளைப் பார்வையிட வரும்போது இவள் பக்கத்தில்தான் முதலில் நிற்பார். இவள் விலாவில் முகம் பார்க்கலாம்.”

“யார் முகம்?”



சாரல் பெய்துகொண்டிருந்தது. உக்கிரபாண்டி தம் கைகளைப் பார்த்தார். மண்ணாங்கட்டியின் முடிக்குள் போய்வந்த வலக்கையில், தோலில் தானாக ஊறுகிற எண்ணெயின் கரிய பிசுக்கு அப்பியிருந்தது. மழைத்துளிகள் அதன்மேல் விழுந்து, ஒட்டாமல் உருண்டு போயின. அஞ்சனையைத் தொட்ட இடக்கை கழுவி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அதில் விழுந்த துளி பரவி நனைத்தது.

அவர் இரண்டு கைகளையும் மாறி மாறிச் சாரலில் நீட்டிப் பார்த்தார்.

“இனிமேல் குளிப்பாட்டமாட்டேன்,” என்றார்.

“சரி.”

“இந்தப் பிசுக்கு இவள்மேல் உடனே ஊறிவிடுமா?”

“ஊறாது.”

“அப்படியானால் இன்றைக்கே விளக்கை ஏற்றிவிடட்டுமா? இவள் ஒருத்திக்காக?”

அம்மை மருத மரங்களின் அடியில் நின்ற மற்றக் குதிரைகளைப் பார்த்தார். ஒன்று வாலை வீசிக்கொண்டிருந்தது. ஒன்று நின்றபடியே தூங்கியது.

“உங்களிடம் ஒரு கம்பளி இருக்கிறதே.”

“அரசர் என் தோளில் போர்த்தியது.”

“நல்ல கம்பளியா?” என்று கேட்டார் அம்மை.

அன்று நண்பகலில் அஞ்சனை புல்வெளியில் சரிகைக் கரை வைத்த கம்பளியைப் போர்த்தியபடி மேய்ந்தாள். மார்புக்குக் குறுக்கே அதை உக்கிரபாண்டி கயிற்றால் கட்டியிருந்தார். கழுநீர் கொட்ட வந்த சடையாண்டி அதைப் பார்த்து வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“பட்டாபிஷேகம் எப்போ? சொன்னா பாயசம் வைப்பேன்ல.”

“வெல்லம் இருக்கிறதா?”

“இருக்கு.”

“வையும்.”

சடையாண்டி கொஞ்சம் திகைத்தார். அந்த மனிதர் வேடிக்கைக்கு வேடிக்கை பேசி அவர் கேட்டதில்லை. இரவு உண்மையாகவே பாயசம் இருந்தது.

மழை நின்றும் பெய்தும் நாட்கள் போயின. மாலைதோறும் உக்கிரபாண்டி புல்வெளிக்குப் போவார். ஒவ்வொரு குதிரையாக நின்று, பிடரிக்குக் கீழும் முன்னங்காலின் இடுக்கிலும் காதின் அடியிலும் கையை வைப்பார். அஞ்சனைக்குக் கம்பளியின் அடியில் கையை விடுவார். தொடக்கத்தில் அம்மை தமக்கு வைத்த சோதனை என்று நினைத்துக்கொண்டு செய்தார். போகப்போக அந்த நினைப்பு உதிர்ந்தது. சுழிக்காரன் என்ற குதிரைக்குக் காது எப்போதுமே குளிர்ச்சி, அதில் பயமில்லை. செவலைக்கு இடுக்கில் கை வைத்தால் கூச்சம், கடிக்க வருவாள். இப்படி ஒவ்வொன்றும் அவர் கைக்குத் தெரியத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் குதிரைகளோடு இருந்தவர் அவர். அவற்றின் மேற்புறம் முழுவதும் அவருக்குத் தெரியும்.

ஒருநாள் பிற்பகல் சற்றே வெயில் அடித்தது. கம்பளியை உலர்த்துவதற்காகக் கழற்றிப் படலில் போட்டார். திரும்பிப் பார்த்தபோது அஞ்சனை முன்கால்களை மடித்துச் சேற்றில் படுத்துக்கொண்டிருந்தாள். அவர் கண் முன்னாலேயே புரண்டாள். ஒருபக்கம் புரண்டு, வயிற்றை வானத்துக்குக் காட்டிக் கால்களை உதைத்து, மறுபக்கம் புரண்டாள். அவளுடைய ஆயுளில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, அனுமதித்ததும் இல்லை. எழுந்தபோது அவள் மண்ணாங்கட்டியின் தங்கையைப் போல இருந்தாள். உடம்பை ஒருமுறை உலுக்கினாள். சேறு தெறித்தது. உரக்கக் கனைத்தாள்.

உக்கிரபாண்டி துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

கையில் துண்டு. எதிரே சேற்றோடு அஞ்சனை. அவர் அங்கேயே ஈரப் புல்லில் உட்கார்ந்து, அந்தத் துண்டால் தம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் வந்து அவர் தலையை முகர்ந்துவிட்டுப் போனாள்.

அதன்பின் ஒருநாள் காற்று மாறியது.

காலையில் வானம் வெளுத்தே இருந்தது. உச்சிப்பொழுதுக்கு மேல் வாடை திரும்பி, மலையிடுக்கில் புகுந்து, மழையைப் படுக்கை வாட்டத்தில் கொண்டுவந்தது. மருத மரங்களின் அடியில் ஒதுக்கிடம் இல்லாமல் போயிற்று. குதிரைகள் காற்றுக்கு வாலைக் காட்டி, ஒன்றோடொன்று விலா உரசி நின்றன. அவற்றின் நடுவில் அஞ்சனை. யார் அவளை நடுவில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

உக்கிரபாண்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். சுழிக்காரனின் காது குளிர்ந்திருந்தது, அது வழக்கம்தான். பிடரிக்குக் கீழே கையை விட்டார். அங்கேயும் குளிர். செவலையின் இடுக்கில் கை வைத்தார். அவள் கடிக்க வரவில்லை. கடைசியாக மண்ணாங்கட்டியின் முடிக்குள் விரல்களை நுழைத்தார். மேல்முடி, அடிமுடி, தோல். தோலில் ஈரம். தொடைச் சதை மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் படலைத் திறந்தார்.

மண்ணாங்கட்டியும் அஞ்சனையும் முன்னால் போனார்கள். மற்றவை தாமாகவே பின்தொடர்ந்தன. பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் உள்ளே சேர்த்தார். மழை அடிக்கிற பக்கத்துச் சன்னல்களை மட்டும் அடைத்தார். மறுபக்கத்துச் சன்னல்களைத் திறந்து விட்டார். வைக்கோலில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிய பிறகே தொட்டிகளில் போட்டார். அஞ்சனையின் அறைக்கும் மண்ணாங்கட்டியின் அறைக்கும் நடுவிலிருந்த பலகையைக் கழற்றி வெளியே வைத்தார்.

பிறகு அடுக்களைக்குப் போய்ச் சட்டியில் நெருப்பு எடுத்துவந்தார். காற்று விளக்கை இரண்டு முறை அணைத்தது. மூன்றாவது முறை சடையாண்டி வந்து வேட்டித் தலைப்பை விரித்துக் காற்றுக்கு மறைத்து நின்றார். சுடர் நின்றது.

“அம்மை ஏத்தச் சொன்னாங்களா?”

“இல்லை.”

“பின்னே யாரு சொன்னா?”

“மண்ணாங்கட்டி.”

சடையாண்டி சிரித்தார். உக்கிரபாண்டியும் சிரித்தார். உள்ளே குதிரைகள் வைக்கோலை மெல்லுகிற ஓசை, மழையைவிடச் சற்று உரக்கக் கேட்டது. அம்மையிடம் கேட்க வேண்டும் என்று அந்த மாலையில் அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதே காலையில்தான் அவருக்கு நினைவு வந்தது.

காலையில் அம்மை லாயத்துக்கு வந்தார். வாசலில் விளக்கையும், உள்ளே கொள்ளுத் தொட்டிகளையும் பார்த்தார். அஞ்சனையின் தொட்டி காலியாக இருந்தது. அவள் மண்ணாங்கட்டியின் கழுத்தில் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை. காய்ந்த சேறு அவள் விலாவில் செதில் செதிலாக ஒட்டியிருந்தது.

“முகம் தெரியவில்லையே,” என்றார் அம்மை.

“அவள் முகம் தெரிகிறது,” என்றார் உக்கிரபாண்டி.

இருவரும் கூரை விளிம்பில் நின்றார்கள். வெளியே மழை கொட்டியது.

“அம்மை, இந்த மழையைத் தாண்டிவிடுவாள் என்று நினைக்கிறேன்.”

“ம்.”

“அடுத்த மழைக்கு இருப்பாளா?”

அம்மை அவருடைய கையைப் பிடித்து, கூரைக்கு வெளியே மழையில் நீட்டினார். பல குதிரைகளின் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்த உள்ளங்கை. துளிகள் விழுந்து விழுந்து, சேம்பிலையில் ஓடுவதுபோல் உருண்டோடின.

உக்கிரபாண்டி தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இது அவள்மேல் ஊறி முடிவதற்குள் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த நாள் வந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?”

அம்மை அந்தக் கையை மழையிலிருந்து எடுத்து, தூங்குகிற அஞ்சனையின் பிடரிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.

“தொட்டுக்கொண்டே இருங்கள்,” என்றார். “துடைக்காமல்.”